தொபெய் பார்த்த பக்கம்

ஜனவரி 14, செவ்வாய்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. பல்செட் செய்யும் கூடத்துக்குப் போன் செய்து சொன்னேன், முதலாளி "சரி சரி" என்று வைத்துவிட்டார். நான் ஒருநாள் போகாததால் ஒமியா ஊரில் யாரும் சாப்பிடாமல் இருக்கப்போவதில்லை.

காய்ச்சல் நாளில் படுக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டு கல்வி அலைவரிசை பார்ப்பது பழைய சுகம். எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க, நான் மட்டும் வீட்டில் விதை முளைப்பதையும் எரிமலை வெடிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நாற்பத்தெட்டு வயது. கஞ்சி வைத்துக்கொடுக்க அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை.

அலைவரிசையின் ஆண்டுவிழாவாம், பழைய துண்டுகளாகப் போட்டார்கள். திடீரென்று தொபெய் வந்தது. பிள்ளைகள் நிகழ்ச்சியில் வரும் ஆளுயர நீலக் கரடி. மாலை ஐந்து மணிக்கு வந்து எண்ணச் சொல்லித்தரும், செருப்பை ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லித்தரும், அரிசி கழுவச் சொல்லித்தரும். அம்மா சப்போரோவுக்குப் போய் வேறு குடும்பமான பிறகு, பள்ளி விட்டு வந்து சாவியால் கதவைத் திறந்து "வந்துட்டேன்" என்று நான் சொன்னதெல்லாம் அந்தக் கரடியிடம்தான். அப்பா வர எட்டு மணி ஆகும்.

தொபெய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தது. உட்காருமுன் வலது கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் இரண்டு தட்டு தட்டியது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது அப்பா. குளிக்கும் அறை முக்காலியில், ரயிலில், எங்கே உட்கார்ந்தாலும் அப்பா அப்படித்தான் தட்டுவார்.

ஜனவரி 15, புதன்

காய்ச்சல் விட்டது. அந்தத் தட்டு விடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கவாகுச்சி போய் வந்தேன். அப்பா இன்னும் நான் வளர்ந்த அதே அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. பேச்சு எப்போதும் அளந்துதான். நான் வாங்கிப்போன தோஃபுவைப் பார்த்து "நல்ல கடை" என்றார், அது பதினைந்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

குளிர்கிடங்கில் வேலை என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். மீன் பெட்டி அடுக்குகிறாராம். யோசித்துப் பார்த்தால் அவர்மேல் மீன் வாடை ஒருநாளும் வந்ததில்லை. வியர்வை வாடைதான். பனிக்கட்டிக்கு நடுவே வேலை செய்பவருக்கு அத்தனை வியர்வை ஏன் என்று எட்டு வயதில் யாருக்குத் தோன்றும்?

சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, தொபெய்க்குள்ள நீங்கதானே இருந்தீங்க?"

தேநீரை ஊதிக்கொண்டே இருந்தார்.

"உள்ள யாரும் கிடையாது."

"நான் டிவில பாத்தேன்பா. நீங்க உக்கார்ற மாதிரியே உக்காந்துச்சு."

"கரடி உக்காந்திருக்கும்."

"குளிர்கிடங்குன்னு சொன்னீங்களே?"

"குளிர்கிடங்குதான்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் செய்தி போட்டுவிட்டார்.

என்ன மனுஷன் இவர். நாற்பது வருஷம் கழிச்சும் சொல்லக்கூடாதா? நான் என்ன பத்திரிகைக்கா எழுதப்போறேன்? எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்ல அஞ்சு மணிக்கு நான் தனியாத்தான் இருந்தேனா? இல்ல அங்கேருந்து ஒருத்தர் என்னை நினைச்சுக்கிட்டு இருந்தாரா? கரடிக்குள்ள யாரோ ஒரு சம்பளக்காரர்னா எனக்கு ஒண்ணுமில்ல. அப்பான்னா கேக்கணும்ல?

ஜனவரி 22, புதன்

மதிய இடைவேளையில் ஹனியூவிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, என்னைவிட ரொம்பச் சின்னவள். கூடத்தில் என்னிடம் பேசுகிற ஒரே ஆள். அவளும் ரேடியோ ரிப்பேர் ஆன நாளில்தான் பேசுவாள்.

"உள்ள இருக்கிறவங்க வாயைத் திறக்க மாட்டாங்க அக்கா. எங்க மாமா பெரிய கடை மொட்டைமாடியில ஞாயித்துக்கிழமை ராட்சசன் வேஷம் போடுவாரு. கல்யாணம் பண்ணி இருபது வருஷம், அத்தைக்கே தெரியாது. பிள்ளைங்க கனவு கெட்டுப்போயிடுமாம்."

"என் கனவெல்லாம் எப்பவோ கெட்டாச்சு."

"அதை அவர்கிட்ட சொல்லுங்க," என்று ஊறுகாய் வைத்த சோற்றுருண்டையைக் கடித்தாள். பிறகு சிரித்தாள். "தொபெய் மறுஒளிபரப்பு நானும் பாத்திருக்கேன். அது யாரையும் பாக்காதில்ல? எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும். எங்க கிளாஸ்ல யாராவது பராக்குப் பாத்தா தொபெய் வந்துடுச்சுன்னு சொல்லுவோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவனமில்லாமல் செதுக்கியதில் ஒரு கடைவாய்ப்பல் வீணாகிவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

பேய் விரட்டும் நாள். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் "பேயே வெளியே போ" என்று கத்திக்கொண்டு வறுத்த சோயா வீசினார்கள், அந்த வீட்டு அப்பா முகமூடி மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். நானும் ஒரு கைப்பிடி வீசினேன். கத்தவில்லை. ஒற்றை ஆள் கத்தினால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். பிறகு நானே குனிந்து பொறுக்கினேன்.

வயசுக்கு ஒன்று வீதம் தின்ன வேண்டும். பாதியில் தாடை வலித்தது.

கவாகுச்சி போகவில்லை. கோபம். ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன்.

அப்பா கொதத்சுவை மூட்டி வைத்திருந்தார். அதே பழைய மேசை, அடியில் கணப்பு, மேலே போர்வை. காலை நுழைத்துக்கொண்டேன். வெளியே தூறல். என்ன பேசுவது என்று தெரியாமல் ஹனியூ சொன்னதைச் சிரிப்புக் கதை மாதிரி சொன்னேன்: "தொபெய் யாரையும் பாக்காதாம்பா. அவங்க கிளாஸ்ல கிண்டலாம்."

அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு வாய் நிற்கவில்லை. "எனக்கும் அந்தக் குறை உண்டு. அது எனக்குப் பின்னாடி ஜன்னலைத்தான் பாக்கும். யாரோ வர்றாங்க போலன்னு நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். தினமும். ஒருத்தரும் வந்ததில்ல. பெரிய தெருவிளக்கு மட்டும் எரியும்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஜன்னலையா?"

"ஆமா."

"ஜன்னல் மூலையில நீதானே உக்காந்திருந்த?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எட்டு மணிக்குத்தான் வருவீங்க."

"ஆரஞ்சுத்தோல் அந்த மூலையிலதான் குமிஞ்சு கிடக்கும். நான்தானே அள்ளுவேன்."

மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தார், பிறகு நான் இருந்த மூலையைப் பார்த்தார். விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார்.

"அந்த மூலையைத்தான் பாத்துச்சு," என்றார். "டைரக்டர் திட்டுவாரு, கேமராவைப் பாருடான்னு. கேமராவை நேரா பாத்தா எதிர்ச் சுவத்துக்குல்ல போகும்? பிள்ளை இருக்கிறது மூலையில. அதனால ஒவ்வொரு தடவையும் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிக்கும். அந்தத் தலை ரொம்பக் கனம்."

"யாருப்பா?"

"தொபெய்."

 நான் மெதுவாகத்தான் சொன்னேன். "அப்பா, அது அப்படி இல்ல. கேமராவை நேரா பாத்தா, வீட்ல எந்த மூலையில இருந்தாலும் நம்மளையே பாக்கிற மாதிரி இருக்கும். கழுத்தைத் திருப்பினா யாரையும் பாக்காது. மூலையில இருந்தா இன்னும் தள்ளித்தான் போகும்."

"நேரா பாத்தா?"

"நேரா பாத்தா போதும்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

அப்பா எழுந்து போனார். குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அது ஒருதடவைகூட அந்த நிகழ்ச்சியை டிவில பாத்ததில்ல. அஞ்சு மணிக்கு அடுத்த வாரத்துப் பதிவு நடக்கும். ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி கிடையாது. அப்புறம் யாரு பாத்துச் சொல்றது?" பெட்டிக் கதவை மறுபடி அழுத்தி மூடினார். "தெரியாமப் பண்ணிடுச்சு. கோவிச்சுக்காத."

"கோவமில்லப்பா."

"அரிசி கழுவுறது அதுதான் கேட்டுச்சு. கதை எழுதுறவங்ககிட்ட. நெருப்பில்லாத வேலையா ஏதாவது சொல்லிக்குடுங்கன்னு. சில பிள்ளைங்க வீட்ல ஆள் இருக்காதுன்னு."

அவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. உள்ளே யார் என்று கடைசிவரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரயிலில் அழுதேன். எதிரில் இருந்த மாணவன் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டான். நிகழ்ச்சி வந்த ஏழு வருஷமும் என்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதர் கனமான தலையைத் திருப்பித் திருப்பி, அதனாலேயே என்னைப் பார்க்காமல் போயிருக்கிறார். நானோ யாரும் வராத ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு யார்மேல் கோபப்படுவது? சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்றே தெரியவில்லை. இரண்டும்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

அப்பா போன் செய்தார். அவராகச் செய்வதே அபூர்வம். "ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்றார். இந்த வாரம் கூடத்தில் மிகுதி வேலை, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். "சரி" என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. 

பிப்ரவரி 23, ஞாயிறு

முள்ளங்கியும் முட்டையும் போட்டுக் கொதிக்கவைக்கும் ஓதென் செய்து பானையோடு தூக்கிக்கொண்டு போனேன். ரயில் முழுக்க முள்ளங்கி வாடை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அப்பா எப்போதும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி பக்கவாட்டில்தான் உட்காருவார். இன்று எனக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தொலைக்காட்சிக்கு முதுகு. நான் முட்டையைப் பிட்டுத் தட்டில் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னப்பா?"

"உனக்கு முடி நரைச்சிடுச்சே."

"அது ரொம்ப வருஷமாச்சுப்பா."

"அப்படியா," என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.