ஏழாம் கரட்டுப் பூவாயி

நவம்பர் 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஓமலூர் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, வலது கை முழுக்க ஈரம். பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. இது புதுசு, அதனால் எல்லாம் முதலிலிருந்து.

இன்று:
– எட்டாம் கரட்டு வரைபடம் (பழைய காலண்டர், பின்பக்கம்)
– மேசை துடைக்க
– முறுக்கு

இடம், அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக். ஞாயிறு விடுமுறை, சாவி என்னிடம். நாலு பேர், ஒரு மேசை, ஓர் இருபது முகப் பகடை, வாராவாரம் ஒரு கதையாட்டம். நான் கதை சொல்கிறவள். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். அவர்களைத் தவிர அந்த உலகத்தில் யார் வாயைத் திறந்தாலும், டீக்கடைக்காரர், கொள்ளைக்காரன், ராணி, கழுதை, எல்லாம் நான்தான்.

உலகம்: தரையிலிருந்து பிய்ந்துபோய் ஆகாயத்தில் மிதக்கும் கரடுகள், சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே கயிறு. செந்திலுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கம்பெனி வேலை, அவன் சேர்த்த விதி இது: அங்கே போர் போட்டால் தண்ணீர் வராது, அடியில் ஓட்டை விழுந்து ஆகாயம் தெரியும். நிறைய போர் போட்ட கரடு மெல்லக் கீழே இறங்கும். ஜெயா கணக்கு டீச்சர், ஆட்டத்தில் திருடி. பி. (பிரபு) கயிற்றின் மேல் நடக்கும் சிங்காரம்.

பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அடியில் ‘ரகசியம்’ என்று ஒரு கட்டம். கதை சொல்கிறவளைத் தவிர யாரும் அதைப் படிக்கக் கூடாது. பகடையை எல்லார் கண்முன்னும் உருட்ட வேண்டும், விழுந்தது விழுந்ததுதான். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

பி. ஒரு மணி நேரம் தாமதம். கையில் லட்டு டப்பா.

“வெள்ளிக்கெழம நாமகிரிப்பேட்டைல எனக்கு உப்புச்சக்கர மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. பொண்ணு ராசிபுரம், பேரு நித்யா. இருபத்தெட்டாந்தேதி கல்யாணம்.”

செந்தில் விசிலடித்தான். ஜெயா என்னைப் பார்த்தாள். நான் லட்டு எடுத்துக்கொண்டேன். நல்ல லட்டு, முந்திரி நிறைய.

எட்டாம் கரட்டுக்குப் போகவே இல்லை. வரைபடம் வீண்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில். முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட லாரிப் பட்டறைக்காரர் வந்தார். காலை மடக்கும்போது சத்தமே இல்லை. பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

“வலிச்சா சொல்லோணுமுங்க.”

“சொன்னா நிறுத்திப் போடுவீங்கல்ல. அதாஞ் சொல்லலீங்க.”

பூவாயி பற்றி எழுத வேண்டும். எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஏழாம் கரட்டின் கயிற்றுக் காவல்காரி. யாராவது கயிறு தாண்ட வேண்டுமென்றால் மணி அடிக்க வேண்டும். அவள் உள்ளேயிருந்து “வாரேனுங்க” என்பாள், உருளையைச் சுற்றுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. ஒரே ஒரு நாள் ஆட்டத்துக்கென்று நான் உண்டாக்கியவள். சிங்காரம் அடுத்த வாரமும் மணி அடித்தான். அதற்கடுத்த வாரமும். தாண்ட வேண்டிய வேலை இல்லாதபோதும்.

போன தை மாதம் சொன்னான்: “பூவாயி, நீ இருக்கற கரடுதான் எனக்குத் தரை.”

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். வேறெங்கே பார்ப்பான்? பூவாயிக்கு வேறு முகம் ஏது?

அன்று பஸ் ஏற மறந்து ஐந்து ரோடு சந்திப்பு வரை நடந்தேன்.

நவம்பர் 9, சனி

மேகமூட்டம். பி.யும் அவன் அம்மாவும் வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார்கள். தட்டு, வெற்றிலை பாக்கு, பழம். என் அம்மாவுக்கு ஒரே பெருமை.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஞாயித்துக்கெழமையானா கோகிலா கோகிலான்னு ஓடியாந்துருவானுங்க. நீ மொத நாளே வந்தரோணும் சாமி.”

“வாரேனுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

வண்டியைத் திருப்பும்போது பி. மெதுவாக, “கோகி, கல்யாணப் பரிசா ஒண்ணு கேக்கறேன், குடுப்பியா?”

“கேளு.”

“சிங்காரத்துக்கும் பூவாயிக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுரு. நித்யாவுக்கு கோயமுத்தூர்ல காலேஜ் வேலை, நானும் அங்கதான் போறேன். இனி வாராவாரம் வர முடியாது. அவன அந்தரத்துல உட்டுட்டுப் போக மனசு வல்ல.”

சிங்காரத்தை அந்தரத்தில் விட மனசு வரவில்லையாம்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

நவம்பர் 10, ஞாயிறு

மழை. ஆட்டம் இல்லை. பி. வீட்டார் ஈரோட்டுக்குச் சேலை எடுக்கப் போயிருக்கிறார்கள்.

கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். ஏழாம் கரட்டில் திருட்டுத்தனமாக நாற்பது போர் போடுகிறார்கள். கரடு இறங்குகிறது. சிங்காரம் மணி அடிக்கிறான், அடிக்கிறான், பதில் இல்லை. கயிறு அறுகிறது. எழுதும்போது எவ்வளவு சந்தோஷம்! பேனா தானாக ஓடியது.

ஜெயா குடையோடு வந்தாள். படித்தாள். “அவங்கிட்டச் சொல்லிரு புள்ள.”

“என்னன்னு?”

“இருக்கறதத்தான்.”

என்ன இருக்கிறது? ஆட்டம் முடிந்து பி. ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. பைக்கில் ஏறினால் வேறு ஆள். கிரிக்கெட், இ.எம்.ஐ., அவன் மேனேஜர். அவன் பொய் சொல்லவில்லை, என்னை ஏமாற்றவும் இல்லை. சிங்காரம் சொன்னதைப் பிரபு சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் பூவாயி சொன்ன பதில் ஒவ்வொன்றும் நான் சொன்னது. ஊரில் யாரிடம் போய் இதை விளக்குவது? கேட்டால் சிரிப்பார்கள்.

ஜெயா போன பிறகு அழுதேன். பிறகு சிகிச்சைக் கட்டில் விரிப்புகளை மடித்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

நல்ல வெயில். கடைசி ஆட்டம், பி.க்கு.

அந்த மூன்று பக்கத்தையும் பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை.

சிங்காரம் மணி அடித்தான். பூவாயி கதவைத் திறந்தாள். அவன் கேட்டான், நேராக, சுற்றி வளைக்காமல். “என்னக் கட்டிக்கிறயா?” பி.யின் காது சிவந்திருந்தது. நான் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய விஷயமென்றால் பகடை கேட்க வேண்டும். பத்துக்கு மேல் விழுந்தால் சம்மதம். உருட்டினான்.

நாலு.

எதுவும் செய்யாமலே எனக்குக் கிடைத்துவிட்டது. மூன்று பக்கம் தேவையில்லை, ஒரு ‘மாட்டேன்’ போதும், அதுவும் விதிப்படி. நிமிர்ந்து பார்த்தேன். பி.யின் முகம் விழுந்துபோயிருந்தது, நிஜமாகவே. “அவளுக்கு என்னயப் புடிக்கலையா?” என்று கேட்டான்.

“பகடை முறுக்குத் தட்டுல சாஞ்சு நிக்குது. செல்லாது” என்றேன்.

சாயவில்லை. தட்டு ஒரு முழம் தள்ளி இருந்தது. செந்தில் வாயைத் திறந்தான், ஜெயா அவன் காலை மிதித்தாள். மறுபடி உருட்டச் சொல்லவில்லை. பூவாயியின் குரலில், அவனைப் பார்த்து, “வாரேனுங்க” என்றேன்.

கைதட்டினார்கள். செந்தில் வாயாலேயே மேளம் அடித்தான். கல்யாணச் சாப்பாடு: மிச்ச முறுக்கு. எங்கள் கல்யாணம் அரை மணி நேரத்தில் முடிந்தது. போகும்போது பி., “தேங்க்ஸ் கோகி, இத மறக்க மாட்டேன்” என்றான். சிங்காரத்தின் தாளை எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் 28, வியாழன்

குளிர். நாமகிரிப்பேட்டை மண்டபம். செந்தில் கார். நான் பச்சைச் சேலை.

பார்த்தவை: ரோஜா மாலை கனத்தில் பி.யின் கழுத்து. பந்தியில் யாரோ, “பாயாசத்துக்கு இன்னொரு டம்ளர் வைங்க.” தாலி கட்டும்போது நான் அட்சதை போட்டேன். பாதி முன்னால் நின்றவர் தலையில்.

மேடைக்குப் போனோம். நித்யா சின்ன முகம், நல்ல சிரிப்பு. என்னைக் கண்டதும் பி.யிடம் கேட்டாள், “இவங்கதானுங்களா?” பிறகு என் கையைப் பிடித்து, “அக்கா, இவரு எந்நேரமும் பூவாயி பேச்சுத்தானுங்க. பொங்கலுக்கு வர்றப்ப நானும் ஆட வாரேன். பூவாயிய நான் எடுத்துக்கட்டுங்களா?”

பி. என்னைப் பார்த்தான். “கோகி தர மாட்டா பாரு.”

விளையாட்டாகத்தான்.

“எடுத்துக்குங்க” என்றேன். போட்டோவுக்குச் சிரித்தேன்.

அவளை வெறுக்க முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை இல்லை. ஜெயாவும் செந்திலும் மூன்று மணிக்கு வருவார்கள். அதற்குள் முடிக்க வேண்டியது, பூவாயிக்குத் தாள். இதுவரை அவளுக்குத் தாளே கிடையாது. எல்லாம் எனக்குள்தான் இருந்தது. நித்யாவுக்காகத் தெளிவான எழுத்தில்:

பெயர்: பூவாயி.
ஊர்: ஏழாம் கரடு.
வேலை: கயிற்றுக் காவல்.
பலம்: கை. உருளை சுற்றிச் சுற்றி.
பயம்: கீழே பார்ப்பது.
பேச்சு: குறைவு. யோசித்துத்தான் பதில் சொல்வாள். “வாரேனுங்க” மட்டும் உடனே.
பிடித்தது: ஞாயிற்றுக்கிழமை மணிச் சத்தம்.
கணவன்: சிங்காரம்.
ரகசியம்: ஒன்றும் இல்லை.