பதினெட்டாம் பெட்டி

கூமாப்பட்டி காம்ப்,
14-3-1984, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள சுப்புராஜ் சார் அவர்களுக்கு,

காம்ப்பில் கல் கழுவும் கிருபாபாய் எழுதுவது. தாயும் பிள்ளையும் சுகம் என்று உங்கள் கடிதத்தில் கண்டதும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பெண் பிள்ளை, அதுவும் மூன்றே முக்கால் கிலோ என்றால் லேசா? உங்களைக் கொண்டு பிறந்திருந்தால் கல்லைக் கண்டதும் சோறு தண்ணீரை மறந்துவிடும். அம்மாவைக் கொண்டிருக்கட்டும் என்று ஜெபித்திருக்கிறேன்.

இனிமேல் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பத்தடிக்குத் தொடர்ச்சியாகத் தாமிரம் கிடைத்துவிட்டது என்று வருகிற திங்கட்கிழமை மெட்ராஸ் போய்ப் பெரிய ஆபீசரிடம் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சார், தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பத்தடி பூமி கொடுத்ததல்ல. நான் கொடுத்தது. இந்தக் கதை தந்தியில் அடங்காது என்பதால்தான் ஜீப் டிரைவர் ஐயாதுரை கையில் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். ரிக் போடுகிற துளையிலிருந்து உருளை உருளையாக வருகிற கல்லை நான் கழுவித் துடைத்துக் கொடுப்பேன், நீங்கள் பெட்டியில் அடுக்குவீர்கள். உங்கள் வீட்டம்மாவின் பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று, "நான் வர்ற வரைக்கும் நீங்களே அடுக்குங்கம்மா. ஒழுங்கா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள். நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பதினோரு வருஷம் தரம் பிரித்தவள். கறை பட்ட துணி ஒரு பக்கம், சுத்தமானது ஒரு பக்கம். ஒழுங்கு என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். பித்தளைப் பொடி தூவினாற்போல் மஞ்சள் மினுங்கிய கல்லையெல்லாம் பொறுக்கி, ஒரு தனிப் பெட்டியில் வரிசையாக வைத்தேன். என் கண்ணே பட்டுவிடும் போல அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த மஞ்சள்தான் தாமிரம் என்பது காம்ப்பில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெட்டியை ஐயாதுரை பார்த்தார். உடனே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடிப் போய், பத்தடிக்குத் தாமிரம் என்று உங்களுக்குத் தந்தி அடித்துவிட்டு, காம்ப்புக்கெல்லாம் பால்கோவா வாங்கி வந்தார். அதையும் நான்தான் அதிகம் தின்றேன்.

போன சனிக்கிழமை உங்கள் பதில் வந்தது. மேட்டில் ரிக்கோடு இருக்கும் டிரில்லர் தவசிமுத்து அண்ணன் இறங்கி வந்து வாசித்தார். வாசித்தவர் நேரே ஷெட்டுக்குப் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, இது என்ன கத்தரிக்காயா, நல்லது சொத்தைன்னு பிரிக்கதுக்கு? எந்தக் கல்லு எம்புட்டு ஆழத்துல கெடந்துச்சுங்கதுதான் இங்க பேச்சு. அம்புட்டையும் கலைச்சுப்புட்டியே" என்றார்.

நாலு வருஷமாக நீங்கள் இந்த மேட்டைச் சுற்றுகிறீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ பாறையில் பச்சை படிந்திருப்பதைக் கண்டு ஒரு குழி தோண்டிவிட்டுப் போனதும், அந்தக் குழியிலிருந்தே நீங்கள் ஆரம்பித்ததும், முதல் இரண்டு துளையிலும் வெறும் கருங்கல் வந்ததும் எனக்குத் தெரியும். இந்த மூன்றாவதும் பொய்த்தால் காம்ப்பையே எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். என் மடத்தனத்தைப் பத்துப் பேர் நடுவில் உங்கள் வாயால் சொல்ல விட்டுவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

நல்ல வேளையாக, பெட்டிகளில் ஆழம் எழுதி வைத்த மரக்கட்டைகளை நான் தொடவில்லை. உடைந்த கல்லுக்குப் பொருந்துகிற எதிர்முகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைத் தேடிச் சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னதும் அண்ணனும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் இதே வேலை. ஆராதனைக்கும் போகவில்லை. ஆண்டவர் கோபிக்க மாட்டார், அவர் செய்த கல்தானே. மொத்தம் அறுபத்து மூன்று துண்டு. ஒவ்வொன்றும் தன் இடத்தில் டக்கென்று உட்காரும்போது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். சின்னப் பிள்ளைகள் கெட்டார்கள் போங்கள்.

இருபது துண்டு முந்தின பெட்டிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயின. இரண்டு எங்கேயும் சேரவில்லை, துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். மிச்சம் நாற்பத்தொன்றும் பதினெட்டாம் பெட்டியில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அளந்தோம், ஆறரை அடி. பத்தடி பொய்தான் சார், ஆனால் ஆறரை அடி நிஜம். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் சும்மாவே சுற்றி வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால், கிடைத்தது போதும், வருகிற சனிக்கிழமை ரிக்கைக் கழற்றிவிடுங்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே. பதினெட்டாம் பெட்டிதான் துளையின் கடைசிப் பெட்டி, அதற்குக் கீழே இன்னும் துளை இறங்கவில்லை. "சார் கையெழுத்து இல்லாம ஒரு சாண் கூட எறக்க மாட்டேன்" என்று அண்ணன் ஒரே பிடியாக இருக்கிறார். இன்னும் தோண்டு என்று ஒரே ஒரு வரி எழுதி ஐயாதுரையிடம் கொடுங்கள். அதை வாங்காமல் உங்கள் மாமனார் வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தாய்க்கும் பிள்ளைக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும் பூரண சுகமும் தருவாராக. என்னை வேலையை விட்டு நிறுத்துவதானால் நேரில் வந்து நிறுத்துங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் பதினெட்டாம் பெட்டியின் கடைசித் துண்டை மட்டும் உங்கள் கையால் புரட்டிப் பாருங்கள் சார். அதன் அடிமுகம் முழுக்க மஞ்சள்.

இப்படிக்குப் பணிவுடன்,
கிருபாபாய்