அந்தக் கரையில் உங்கள் பெயர்

என் உயிரான ஏழுமலை மாமாவுக்கு,

உங்களைக் கொண்டுபோன ஆற்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நம் மகள் தேவிதான் கூட்டிப்போனாள். நீங்கள் சத்தியவேட்டை விட்டு மலேசியாவுக்குக் கிளம்பியபோது என் இடுப்பில் இருந்த குழந்தை, இப்போது கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "நைனா வேல செஞ்ச காட்ட ஒருவாட்டி பாத்துட்டு வரலாம் வாம்மா" என்றாள். அங்கே சபா என்ற மாநிலத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

அந்த ஆற்றில் இப்போது சுற்றுலாப் படகு ஓடுகிறது மாமா. மரக் கம்பெனிக்காக நீங்கள் ஆள் ஏற்றிப் படகு ஓட்டிய ஆறு. வெள்ளத்தில் உங்கள் படகு கவிழ்ந்த ஆறு. "ஆள் கெடைக்கல" என்று மளிகைக் கடை போனில் ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு கம்பெனிக்காரரும் பேசவில்லை, ஏஜெண்டும் கண்ணில் படவில்லை.

காலையில் கிளம்பினோம். கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லார் கழுத்திலும் கேமரா. தொங்கும் மூக்கு வைத்த குரங்குகள் கிளைக்குக் கிளை தாவின. இருவாட்சி ஜோடி ஒன்று தலைக்கு மேல் போனது. விசிறி வீசுவது போல் சிறகுச் சத்தம். சின்ன உருவ யானைகள் குட்டியோடு கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் தினமும் பார்த்தீர்களா? போனில் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? "நல்லாக்கீறேன் சரசு, நீ எப்படிக்கீற" என்பதற்குள் லைன் போய்விடுமே, அதனாலா?

பிறகு சேற்றில் ஒரு முதலை கிடந்தது. படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் வந்ததில் படகு சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வருடமாக எதை நினைக்கக் கூடாது என்று இருந்தேனோ, அது அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தேவி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

மதியம் ஆற்றோரத்து ஊர் ஒன்றில் இறக்கினார்கள். மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள். ஒரு பெண் பொரித்த வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் பாத்திமா, என் வயதுதான் இருக்கும். தேவி அவளிடம் மலாயில் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினாள். தமிழ்க்காரர், படகு ஓட்டியவர், வெள்ளத்தில் போனவர் என்று தேவி சொல்லச் சொல்ல, அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"துன்னியா?" என்றாள்.

எனக்கு உயிரே ஆடிப்போனது. கரையில் படகைக் கட்டும்போதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகளை "துன்னியா, துன்னியா" என்று கேட்பீர்களாமே, சாப்பிட்டாயா என்று நம் ஊரில் கேட்பது போலவே. அதுவே உங்கள் பெயராகிவிட்டதாம்.

அவள் பேசினாள். தேவி அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வெள்ளம் வடிஞ்சப்புறம் இவங்கதாம்மா நைனாவக் கண்டெடுத்தாங்களாம். இடுப்புல வெள்ளி அரணாக்கொடி இருந்துச்சாம். கம்பெனி கேம்ப காலி பண்ணிக்கினு போயிட்டாங்க, யார்கிட்ட சொல்றதுன்னு தெரிலயாம். அவரு சாமி எதுன்னும் தெரில, எங்க சாமியத்தான் வேண்டிக்கினு பொதச்சோம்ங்கறாங்க."

முழுசாகக் கிடைத்தீர்களா மாமா? முதலை உங்களைத் தொடவில்லையா?

வெள்ளம் ஏறாத ஒரு மேட்டில் உங்களை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் புல் செதுக்கி, சுத்தமாக இருந்தது. நான் மண்ணில் முகம் புதைத்துப் படுத்துவிட்டேன்.

"எந்திரிம்மா, படகு கெளம்புது."

"நீ போ. நான் இவரோட இருந்துக்கினு வர்றேன்."

தேவி என் முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். படகு எங்களுக்காகக் காத்திருந்தது.

ஆள் கிடைக்காததால் ஊரில் யாரும் என் தாலியில் கை வைத்ததில்லை. அன்று நானே கழற்றி உங்கள் தலைமாட்டு மண்ணில் புதைத்தேன். பந்தல் இல்லை, கூட்டம் இல்லை, வளையல் உடைக்க வந்தவர்கள் இல்லை. நீங்களும் நானும் நாம் பெற்ற பிள்ளையும் மட்டும். பாத்திமா என் கையைப் பிடித்து எழுப்பிச் சோறு போட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் சென்னை பஸ் முனையில் வந்து நின்றால், போட்டது போட்டபடி வாசலுக்குப் போய்ப் பார்ப்பது எனக்கு இத்தனை வருடத்துப் பழக்கம். நேற்றும் போய் நின்றேன். இனிமேல் போக மாட்டேன் மாமா, இது சத்தியம். என்னையும் மீறிக் கால் போனால் மட்டும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அக்கா மகள், உங்கள் மனைவி,
சரசு