பாதியில் நின்ற நேர்காணல்

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று தங்கை செல்விக்கு வேலைக்கான நேர்காணல், லேப்டாப்பில். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது சூடேறி அணைந்துவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

ஒரு மாதமாகவே அப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. "கணியம்பாடி ரிப்பேர் கடைக்கு எடுத்துனு போய் காட்டுண்ணா" என்று அவள் கேட்டபோதெல்லாம், சாமை அறுப்பு முடியட்டும் என்றேன்.

சாயங்காலம் நானே அடிமூடியைக் கழற்றினேன். ஃபேன் முழுக்க உமித்தூசி. களத்தில் வைத்து நான் படம் பார்த்தபோது சேர்ந்தது. பிரஷ்ஷால் துடைக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது.

"இன்னாண்ணா இருந்துச்சு?" என்று செல்வி கேட்டாள்.

"தூசிதாம்மா."

அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

லேப்டாப் மூன்று மணி நேரமாக அணையாமல் ஓடுகிறது. அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை.