அவர் சட்டையை எடுத்து வரச் சொன்னார்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். நீ பொறுப்பாக இருக்கும் வார்டில் அந்த நர்ஸ் மறுபடியும் படுக்கை எண்ணை மாற்றி எழுதிவிட்டாள், மாதக் கடைசிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்துக் கேட்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் கோபமில்லை அம்மா. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர், வேலை மெதுவானதிலிருந்து நத்தை என்று நாங்கள் கேலி செய்வோமே, உன் முதல் கண்ணாடியைச் செய்து கொடுத்தவர், போன மாதம் ஒரு டீச்சருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டார். அந்த அம்மா படியில் தடுக்கி விழுந்து, கையில் கட்டோடு வந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு தப்பு, மேற்பார்வை என் பொறுப்பு, எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே அவரை வெளியே கூப்பிட்டு, கண்ணு என்ன முகத்துல இல்லாம பொடதியிலயா இருக்கு என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கைத்துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரமாக ஆளைக் காணோமே என்று வீட்டுக்குப் போனேன். நேர் எதிரே நின்றேன், யாரு என்று கேட்டார். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். இரண்டு வருஷமாகவே பார்வை போய்க்கொண்டிருந்ததாம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம், வேலை போய்விடுமே என்று விரலால் தடவித் தடவியே தேய்த்திருக்கிறார், நாங்கள் அதற்குத்தான் பேர் வைத்துச் சிரித்திருக்கிறோம். நான் வாயைத் திறப்பதற்குள், என்னால உங்களுக்குத்தானே கெட்ட பேரு, மன்னிச்சிடுங்கண்ணே என்று கும்பிட்டார். பிறகு நான் வேலைக்குக் கூப்பிடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, மனைவியிடம் சட்டையை எடுத்து வரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன் என்றேன். சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் கடைசிவரை சொல்லவில்லை.

தப்பை மறைக்கச் சொல்லவில்லை, நோயாளியின் உயிர் பெரிது, சொல்ல வேண்டியவர்களிடம் சொல். ஆனால் அதற்கு முன்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு என்னம்மா கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேள். நம் ஆண்டவர் நம்மைச் சந்தியில் நிறுத்திக் கேட்டிருந்தால் நாம் யாரும் தலைநிமிர்ந்திருக்க முடியாது.

போன ஞாயிறு சபையில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள், அந்த மனிதரோடு சமாதானமாகாமல் அதை வாங்க மனம் வராமல் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏன் என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன், நீயும் காட்டிக்கொடுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. நாளைக்கு மறுபடியும் அந்த லென்ஸ் தேய்ப்பவர் வீட்டுக்குப் போகிறேன். இந்தத் தடவையாவது வாய் வர வேண்டும் என்று எனக்காக ஜெபம் பண்ணு.

உன் அப்பா