தொட்டியில் விழும் காட்சி

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயில்லாப் பூச்சி எழுதிக்கொள்வது. நான் நலம். "போன்ல பேசினா அவர் ஸ்பீக்கர்ல போடச் சொல்றார், நாம ரெண்டு பேரும் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி ஆயிடுது" என்று நீ சொன்னது உண்மைதான். அதனால் நீ சொன்னபடி, நீ வேலை செய்யும் தையல்கடை முகவரிக்கே எழுதுகிறேன். கடைக்கார அம்மாவுக்கு என் வணக்கம்.

என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பழைய சிரிப்புப் படங்களுக்கு அழுக்கு எடுக்கிறோம். கருப்பு வெள்ளைப் படங்கள். கணவனும் மனைவியும் மூச்சு விடாமல் சண்டை போட்டு, தட்டை உடைத்து, கதவைச் சாத்தி, கடைசியில் கட்டிக்கொள்வார்கள். பழைய சுருளைக் கணினியில் ஏற்றிச் சரிசெய்து, வீட்டில் பார்க்கிற டிஸ்க்காகப் போட்டு விற்பார்கள். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு பிரேம். ஒவ்வொன்றாக நிறுத்தித் தூசியையும் கீறலையும் துடைப்பதுதான் என் வேலை.

"நாள் பூரா சிரிப்புப் படம், சம்பளம் வேற" என்று நீ பொறாமைப்படுவாய். நான் இதுவரை ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை அக்கா. நிறுத்தி வைத்த படத்தில் சிரிப்பு வராது. வாய் திறந்திருக்கும், அவ்வளவுதான். அலுவலகத்தில் எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மதியம் பின்பக்கப் படிக்கட்டில் தனியாகச் சாப்பிடுகிறேன். மேலாளரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாக்கியத்தை மனத்துக்குள் மூன்றுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறேன். போனால் அவர் எழுந்து போயிருக்கிறார்.

நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் இப்படித் தூசி துடைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுடையதுபோல் தரையோடு இருக்கிற வீடு இல்லை என் அறை. நாலு மாடி ஏற வேண்டும். ஏறி முடித்தால் பேச ஆளில்லை.

நீ எழுது. நீளமாக எழுது.

உன்
பூச்சி


ஜனவரி 25

என் அருமை வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கார அம்மா எனக்கு முன்னால் பிரித்துவிட்டு, "கவர் ஒட்டவே இல்லம்மா, தானா திறந்துக்கிச்சு" என்றார். "பரவாயில்லம்மா, உங்களைப் பாத்தா எதுவும் வாயைத் திறந்துடும்" என்றேன். அதற்குத் தண்டனையாக இன்றைக்கு எனக்கு நாற்பது பொத்தான் தைக்கிற வேலை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. போன வாரம் நம் வீட்டு நிலைக்கதவு என் நெற்றியைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டது. நெற்றி வழிவிட்டது. அந்த வீக்கம் வடிவதற்குள் மாடிப்படி வேறு காலை நீட்டி என்னைத் தடுக்கிவிட்டது. இடது கையைத் தூக்க முடியாமல் ஒற்றைக் கையால் மிஷினை ஓட்டினேன். "ஒத்தக் கையிலயே இவ்ளோ தைக்கிறியே, ரெண்டு கை எதுக்கு?" என்கிறார் கடைக்கார அம்மா. உன் படத்தில் என்னைப் போட்டால் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். விழுவதற்கு என்னிடம் தனிப்பயிற்சி இருக்கிறது.

உன் அத்தான் நலம். கோபம் வந்தால் தட்டு பறக்கும் என்பது உனக்குத் தெரியும். இப்போது வீட்டில் மூன்று தட்டு பாக்கி. கழுவுகிற வேலை மிச்சம்.

ஆமாம், உன் அறையில் இன்னொரு ஆள் படுக்க இடம் இருக்கிறதா? சும்மா கேட்டேன். மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, உன் மாடிப்படிக்குக் கீழே கடை போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. நீ துடை, நான் தைக்கிறேன். சும்மாதான் கேட்டேன். வேலை செய்கிறவளைத் தொந்தரவு பண்ணமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கட்டில் உட்காராதே, சுளுக்கிக்கொள்ளும்.

உன்
வாயாடி அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் படித்தேன். நெற்றி வழிவிட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு. மேலே நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இடமா கேட்டாய்? நான் கால் நீட்டினால் கதவு இடிக்கும். நீ வந்தால், உன் குறட்டைக்குப் பயந்து நான் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அத்தானோடு சண்டை என்றால் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்து பார். எங்கள் படங்களில் தட்டு பறந்த ஐந்தாவது நிமிடம் நாயகன் பூங்கொத்தோடு வந்து நிற்பான்.

ஒரு நல்ல செய்தி. மேலாளர் என்னைப் பாராட்டினார்.

இப்போது செய்யும் படத்தில் ஒரு கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். ஆனால் பணக்கார அத்தை விருந்துக்கு வந்திருப்பதால் சேர்ந்து வாழ்வதுபோல நடிக்கிறார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் சண்டை. ஒரு சண்டையில் அவன் அவளைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிவிடுகிறான். அவள் தொப்பலாக எழுந்து, சிரித்துக்கொண்டே ஈரச் செருப்பை அவன்மேல் எறிகிறாள். படத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடம்தான்.

அதை ஒவ்வொரு பிரேமாகத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். விழும்போது அவள் தலை தொட்டியின் விளிம்பில் நிஜமாகவே இடிக்கிறது. இரண்டே இரண்டு பிரேம். அவற்றில் அவள் நடிக்கவில்லை. கண் இறுகி, வாய் கோணி, வலியில் இருக்கிற ஒரு சாதாரணப் பெண் முகம். அடுத்த பிரேமில் சிரிக்கிறாள். ஓடும்போது யாருக்கும் தெரியாது.

மூன்றுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். "தியேட்டர்ல யாரும் கவனிக்கல சார். ஆனா வீட்டுல பாக்கறவங்க நிறுத்திப் பாப்பாங்க" என்றேன். அவர் பார்த்தார். "ஐயய்யோ. இது தெரிஞ்சா எவன் சிரிப்பான்? எடுத்துடும்மா" என்றார். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, பக்கத்துப் பிரேம்களிலிருந்து சிரிக்கும் முகத்தைக் கொண்டுவந்து பொருத்தினேன். இரண்டு நாள் ஆனது. தையல் தெரியவே இல்லை. "இந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்குய்யா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

சோதனைக்குப் போட்ட டிஸ்க் ஒன்றை இதோடு அனுப்புகிறேன். வெளியே யாரிடமும் கொடுத்துவிடாதே. கடையில் போட்டுப் பார். உன் தங்கையின் வேலை.

உன்
பூச்சி


மார்ச் 2

பூச்சிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கொஞ்ச நாள் கடைக்கு வர முடியவில்லை. முகம் சரியில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் உன் டிஸ்க்கைப் போட்டோம். கடைக்கார அம்மா, துணி கொடுக்க வந்த இரண்டு பேர், நான். படம் பளிச்சென்று, நேற்று எடுத்ததுபோல இருந்தது. இதையெல்லாம் என் தங்கை துடைத்தாள் என்று வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் பெருமைதான்.

அவள் தொட்டியில் விழும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பூச்சி, நீ எழுதியது தெரிந்ததாலோ என்னவோ, எனக்கு அந்த இடம் ஒட்டவில்லை. இடித்தவள் முகம் சுருங்கவே இல்லை. அப்படி இருக்க முடியாது. எவ்வளவு பழகினவளாக இருந்தாலும் ஒரு கண்ணிமைப்பு நேரம் முகம் போய்விடும். அதற்குப் பிறகுதான் சிரிப்பைத் தேடி எடுத்து மாட்ட முடியும். எனக்கு அது தெரியும்.

நீ எடுத்துப் போட்டாயே, அந்த இரண்டையும் என்ன செய்தாய்? குப்பையிலா?

கேட்க வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை. பொத்தான் காத்திருக்கிறது.

அக்கா


மார்ச் 7

அக்கா,

உன் கடிதம் வந்ததும் பழைய கடிதங்களை எடுத்துப் பிரித்து வைத்தேன். வேலையில் செய்வதுபோல ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

உங்கள் வீட்டில் மாடியே இல்லை. மாடிப்படி எங்கிருந்து வந்தது?

நெற்றி, இடது கை, "முகம் சரியில்லை". போன வருஷம் கல்லூரிக்கு நீ எழுதியதில் "சுவர் என் கன்னத்தோடு ரகசியம் பேசியது" என்று இருக்கிறது. அதற்கும் நான் சிரித்தேன். அந்தப் படங்களில் அடி விழுந்தால் அடுத்து சிரிப்புதான் வரும் அக்கா. உன்னையும் அப்படியே ஓடவிட்டுப் படித்திருக்கிறேன். இடம் இருக்கிறதா என்று ஒரே கடிதத்தில் இரண்டுதரம் "சும்மா" போட்டுக் கேட்டாய். நான் குறட்டை என்று எழுதினேன்.

இடம் இருக்கிறது. மேசையை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். படுக்கை வாங்கி, விரித்தும் வைத்திருக்கிறேன். மிஷின் வேண்டாம், நீ மட்டும் வா. அத்தானிடம் சொல்லாதே. சனிக்கிழமை கடைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி நேராக பஸ் ஏறிவிடு. நான் இங்கே பேருந்து நிலையத்தில் நிற்பேன். என்னைப் படிக்க வைத்ததற்காகச் சொல்லவில்லை. உன்னைப் பிடித்த ஒரு வீட்டில் நீ இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இரண்டு பிரேமும் குப்பையில் இல்லை. என்னிடம் இருக்கின்றன. நேற்று முழுக்க அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது தாமதமாகிவிடக் கூடாது என்று உறையின் மேல் 'அவசரம்' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதுகிறேன். கடைக்கார அம்மா உடனே உன் கையில் கொடுக்கட்டும்.

உன்
பூச்சி


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் வந்த அன்று நான் கடைக்குப் போகவில்லை. உறையின் மேல் அவசரம் என்று இருந்ததால், கடைக்கார அம்மா நல்ல மனத்தோடு கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் அத்தான் வாங்கிக்கொண்டார். படித்தார். அவருக்கு உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. சினிமா பார்த்துப் பார்த்து உனக்கு அப்படித் தோன்றுகிறது என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தையல் வேலையை விட்டுவிட்டேன். வீட்டு வேலையே சரியாக இருக்கிறது. இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுதவும். அவரும் படிப்பார். சனிக்கிழமை நீ காத்திருந்திருந்தால் மன்னிக்கவும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். போன ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் வந்துவிட்டதற்கு மன்னியுங்கள். அக்கா தூங்குவதாகச் சொன்னீர்கள், எழுப்ப வேண்டாம் என்றீர்கள். வாசலிலேயே தேநீர் கொடுத்து, பேருந்து கிளம்பும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டீர்கள் அத்தான். அந்த மரியாதைக்கு நன்றி. முன்பு எழுதிய கடிதத்துக்கும் மன்னியுங்கள். நீங்கள் சொன்னதுபோல என் வேலை அப்படி.

வேலை பற்றியே எழுதுகிறேன். சிரிப்புப் படம்தான், அக்காவுக்குப் பிடிக்கும். புதிதாக ஒரு சுருள் வந்திருக்கிறது. அதில் இரண்டு சகோதரிகள். மூத்தவள் பெரிய பேச்சுக்காரி. இளையவளுக்கு வாயே கிடையாது. மூத்தவள் ஒருநாள் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், எந்த நாள் என்று சொல்லவில்லை. அதனால் இந்த அசடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் பேருந்திலிருந்து கடைசிப் பேருந்து வரை நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. மழை பெய்தாலும் உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.

அக்காவிடம் டிக்கெட்டுக்குக் காசு இருக்காதே என்று பயந்து, அந்த வழியில் வரும் நடத்துநரிடமே போய்ப் பேசுகிறாள். அதற்கு முன்னால் வாக்கியத்தை மூன்றுதரம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். "எங்க அக்கா வந்தா ஏத்திக்கோங்க, காசு இங்க நான் குடுத்துடறேன்." அவர், "தினம் நூறு பேர் ஏர்றாங்க, உங்க அக்காவை நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்கிறார். "நிறைய பேசுவாங்க. உங்களைச் சிரிக்க வச்சிடுவாங்க" என்கிறாள். "பேசலைன்னா?"

அந்த இடத்தில் படம் கொஞ்சம் தொய்கிறது.

இன்னொரு செய்தி. தொட்டிப் படம் டிஸ்க்காக வெளிவருவதற்கு முன், நான் எடுத்த இரண்டு பிரேமையும் மறுபடி அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். மேலாளருக்குத் தெரியாது. தெரியும்போது வேலை போகும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எந்த வீட்டிலாவது யாராவது சரியான நேரத்தில் நிறுத்திப் பார்த்தால் அவள் முகம் தெரியும்.

அக்காவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
தங்கை


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நலம். மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, நேரம் இருந்திருக்காது. வேலை மாறிவிட்டேன். அறை அதே அறைதான். இரண்டு படுக்கைகளும் அப்படியே இருக்கின்றன.

அந்தச் சகோதரிகள் படத்தில் மேற்கொண்டு என்ன ஆகிறது என்று அக்கா கேட்கக்கூடும். பழைய வேலையில் எங்களுக்கு வந்த சுருளில் கடைசி ரீல் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கும் வரையில் நான் பார்த்துவிட்டேன். இளையவள் நேற்றும் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் அந்த நடத்துநர் இறங்கி வந்து, அவள் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டினார்.

கடைசிப் பேருந்து போன பிறகும் அவள் அங்கேயே இருக்கிறாள். யாரும் இப்போது சிரிப்பதில்லை.

பூச்சி