பொம்மைக்குப் போட்ட சட்டை

4-3-1974, கும்மிடிப்பூண்டி

இன்றும் வேலை இல்லை. தற்காலிக ஆட்களுக்கெல்லாம் கம்பெனி 'பிரேக்' கொடுத்து அனுப்பிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் இந்த முறை பெர்மனெண்ட் என்று பேச்சு. கூப்பிட்டால்!

வீட்டில் உட்கார முடியவில்லை. இந்த வீட்டில் யாரால்தான் உட்கார முடியும்? சுற்றிலும் வட்டச் சுவர். கட்டிலைச் சுவரோரம் போட்டால் இரண்டு முனையும் இடிக்கிறது, நடுவில் சந்து விழுகிறது. துடைப்பத்தைச் சாத்தி வைக்க ஒரு மூலை கிடையாது. கட்டிய அப்பாவு, தண்ணீர்த் தொட்டி கட்டும் மேஸ்திரி. தெரிந்ததைக் கட்டினார். மாடிக்கு அவர் எழுப்பிய சுவர் ஒரு மழையில் சரிந்து, ஊரே சிரித்ததாம். அன்றைக்குச் சூளூர்ப்பேட்டை பக்கம் ரயில் ஏறியவர்தான், இன்னும் வரவில்லை. அவர் மனைவி கனகாம்பாள் அக்கா பின்னால் ஓட்டுச் சாய்ப்பில் இருந்துகொண்டு, வட்டத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஊரில் இன்னும் 'அப்பாவு டேங்க்' என்றுதான் பெயர்.

6-3-1974

தெருவை அளந்தேன். வேறென்ன வேலை? டீக்கடை நைனா கிளாஸ் எண்ணுவது தெலுங்கில், திட்டுவது தமிழில். ஏன் என்று கேட்டேன். தெலுங்கில் திட்டினால் பாதிப் பேருக்கு உறைக்காதாம். பஜாரில் ஒரு போர்டு: 'சைக்கிள் ரிப்பேர் — பல் கட்டப்படும்'. ஒரே ஆளா? ஒரே குறடா? உள்ளே போய்க் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

வேலை இருந்தால் இதெல்லாம் கண்ணில் படுமா?

9-3-1974

திருப்பாச்சூருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினால், வீட்டு உச்சியில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்!

அக்கா மறுபடி மாடி எடுக்கிறார் அல்லவா, சாரத்தில் திருஷ்டி பொம்மை கட்டியிருக்கிறார்கள். பூசணிக்காய்த் தலை, முறுக்கு மீசை, வயிறெல்லாம் வைக்கோல். உடம்பில் என் கம்பெனி காக்கிச் சட்டை, என் காக்கி பேண்ட். பையில் தைத்த டோக்கன் நம்பர் வரை தெருவுக்கே தெரிகிறது. சாராளைக் கேட்டால், முட்டி கிழிந்து கிடந்ததால் பழசென்று நினைத்தாளாம், அக்கா கேட்டதும் எடுத்துக் கொடுத்தாளாம். நல்ல பெண்டாட்டி. டீக்கடையில் எல்லோரும் பொம்மைக்கு சலாம் போடுகிறார்கள். "இன்னா மோசஸ், பெர்மனெண்ட் ஆயிட்ட போல" என்கிறார் நைனா. எரிச்சல், எரிச்சல்.

12-3-1974

கம்பெனி ஸ்டோர்ஸ் சுப்பராயன் வந்து சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். பெர்மனெண்ட்! சாராள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாள்.

ஆனால் பழைய யூனிபாரத்தை ஸ்டோர்ஸில் ஒப்படைத்தால்தான் புதுசு. ஒப்படைக்காதவனுக்கு ஆர்டரும் கிடையாது. எத்தனை கிழிந்திருந்தாலும் சரி, நம்பர் போட்ட சட்டை திரும்பி வரவேண்டும் என்று அழுத்திச் சொன்னார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அவருக்கென்ன?

13-3-1974

அக்காவிடம் பதமாகக் கேட்டேன். கழற்றிவிட்டு வேறு துணி மாட்டலாம் என்றேன்.

"தளம் போடறவரிக்கும் பொம்மைய கெயட்டக் கூடாது தம்பி. அது ஊர்க் கண்ணையெல்லாம் வாங்கிக்கினு நிக்குது. போன தபா பொம்ம கட்டாமதான் செவுரு வுயுந்துது. அவுரும் பூட்டாரு."

நான் என்ன செய்வது? வேலைக்கு எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அந்தப் பூசணிக்காய்க்குத் தெரியுமா? விசுவாசி நான், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவுக்கு அது கல் மாதிரி உறுதி.

15-3-1974

சாரத்தில் ஏறப் போனேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தெரு கூடிவிட்டது. வாயில் வந்துவிட்டது — "இஷ்டமில்லாத ஆளு பூட்டான். அதுக்கு ஊர்க் கண்ணு இன்னா பண்ணும்? இன்னும் எத்தினி வருஷம் பொம்ம கட்டிக்கினு இருப்ப?"

அக்கா ஏணியை விட்டுவிட்டுச் சாய்ப்புக்குள் போய்விட்டார். ஏணி என் கையில். ஏற முடியவில்லை.

16-3-1974

சாராள் என்னோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு உட்காரவும் இந்த வீட்டில் மூலை இல்லை.

17-3-1974

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பினோம். கொடியில் என் காக்கிச் சட்டையும் பேண்டும் துவைத்துக் காய்கிறது. பேண்ட் முட்டியில் ஒட்டுப் போட்டிருக்கிறது.

அண்ணாந்து பார்த்தேன். பொம்மை அதே இடத்தில்தான் நிற்கிறது. இறக்காமல், மாடி கட்டும் மேஸ்திரியை விட்டே அக்கா துணியை மாற்றியிருக்கிறார். கிளிப்பச்சைக் கட்டம் போட்ட டெரிலின் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கீழே ஒரு மயில்கண் வேட்டி. ஏணிக்கடியில் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை.

"வந்தா போட்டுக்கட்டும்னு பொட்டில வெச்சினு இருந்தேன். ஊட்டுக்குக் காவலா அவுரே நிக்கட்டும். நீ வேலைக்குப் போ தம்பி."

பேசியது தப்பு என்றேன். தோசை ஆறுகிறது, சாப்பிடு என்றார்.

18-3-1974

ஆர்டர் கிடைத்தது. சுப்பராயன் ஒட்டைத் தடவிப் பார்த்து, நல்ல கை என்றார்.

7-4-1974

இன்று தளம் போட்டாயிற்று. சித்தாளுகளோடு வரிசையில் நின்று நானும் ஜல்லிச் சட்டியைக் கைமாற்றினேன். சுவர் நிற்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் பொம்மையை இறக்கி முச்சந்தியில் கொளுத்த வேண்டும். அவர்கள் வழக்கம். அக்கா வீட்டில் ஆண் ஏது? என்னையே கூப்பிட்டார். சட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, நல்ல துணி என்றேன். கிட்டே வந்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். வைக்கோல்தான் வந்தது.

"கொளுத்து" என்றார்.

டெரிலின் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. அக்கா கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, ஆட்களுக்குச் சோறு போடப் போனார்.

12-5-1974

மேல் வீடு பூசி முடிந்தது. இரசாயனக் கம்பெனி ஆள் ஒருவன், புதுசாகக் கல்யாணம் ஆனவன், வாடகைக்குக் கேட்டு வந்தான். டீக்கடை நைனா வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் நின்று, "அப்பாவு டேங்க் இதானே?" என்று கேட்டான்.

நான் வாய் திறக்கும் முன் உள்ளிருந்து அக்கா குரல் வந்தது.

"கனகாம்பா ஊடு. மேல வந்து பாரு, கட்டில் மட்டும் செவுத்தோரமா போட முடியாது."